மூளை அலை சொல்லுமா?

கேள்வி: வயது 34. கடைக் கணக்கு எழுத உட்கார்ந்தால் பஸ் ஹாரன் கேட்டாலே கவனம் ஓடிவிடுகிறது. கவனக்குறைவுக் கோளாறா என்பதை இ.இ.ஜி. எடுத்தால் கண்டுபிடித்துவிடலாமா?
- வாசகர், அரிமளம்

பதில்: முடியாது. வலிப்பு நோய்க்கு இ.இ.ஜி. என்ற மூளை அலைப் பதிவு பெரிய துணை, இதற்கு அல்ல.

ஆய்வுக்கூடத்தில் கவனத்தை மூளை அலையில் அளக்கத்தான் செய்கிறார்கள். ஒரே மாதிரி ஒலிகளுக்கு நடுவே எப்போதாவது வேறோர் ஒலி வரும். அதற்கு மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த ஒலி கேட்டுச் சுமார் 300 மில்லி விநாடியில் 'பி300' என்ற மூளை அலை எழும். இக்கோளாறு உள்ள பெரியவர்களிடம் அது சராசரியாகச் சிறியது. 'சராசரியாக' என்பதில்தான் சிக்கல். இரு கூட்டங்களை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். உங்கள் ஒருவரின் அலையைப் பார்த்து முடிவு சொல்ல இயலாது.

தீட்டா, பீட்டா என்ற மூளை அலைகளின் விகிதத்தை அளக்கும் கருவி ஒன்றை அமெரிக்கா 2013-ல் அனுமதித்தது. அதுவும் 6 முதல் 17 வயதினருக்கு, மருத்துவரின் மதிப்பீட்டுக்குத் துணையாக மட்டும். மூளை அலையை வைத்தே கண்டுபிடிப்பதாகச் சொல்லும் 'பிரெய்ன் மேப்பிங்' விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை!

கோளாறா என்று முடிவு செய்ய, மனநல மருத்துவர் உங்கள் 12 வயதுக்கு முந்தைய கதையைக் கேட்பார். அதைச் சொல்ல அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். தூக்கக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வும் கவனத்தைக் கெடுக்கும். முதலில் பேசிப்பார்க்க, 14416: அரசின் இலவச டெலி மானஸ் மனநல உதவி எண்.