எக்செலில் கொள்ளுத்தாத்தாவைத் தேடுவோமா?

குரங்கணி, போடிப் பக்கத்திலிருந்து உங்கள் முன்னோர் யாராவது தென்னாப்பிரிக்காவின் நடாலுக்குப் போனார்களா? 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் டர்பன் சேர்ந்தது முதல் 1911 வரை 1,52,184 பேர் இந்தியாவிலிருந்து அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதோடு பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, கிராமம் எல்லாம் பதிவாயின. இந்தக் கப்பல் பட்டியல்கள் இன்று கணினியில் ஏற்றப்பட்டுள்ளன.

பட்டியலை எக்செலில் திறந்து இப்படிச் செய்யுங்கள்:

1. டேட்டா பகுதியில் ஃபில்டரை கிளிக் செய்யுங்கள். அன்று போடி மதுரை ஜில்லாவில் இருந்தது. ஆகவே ஜில்லா பத்தியில் 'மதுரா'வைத் தேர்ந்தெடுங்கள்.

2. பெயரைப் பலவிதமாக எழுதியிருப்பார்கள். தந்தை பெயர், கிராமம், வயதை ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடித்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. ஃபில்டரை நீக்கி, எண் வரிசையில் ஸார்ட் செய்யுங்கள். குடும்பமாகப் போனவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்கள்தான். மேலும் கீழும் பத்து வரிகளைப் பாருங்கள். மனைவி, குழந்தைகள், தம்பி அங்கே இருக்கலாம்.

எச்சரிக்கை: ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து ஸார்ட் செய்தால் எக்செல் ஒரு கேள்வி கேட்கும். 'எக்ஸ்பாண்ட் த செலக்‌ஷன்' என்பதையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் எண்கள் மட்டும் இடம் மாறும். ஒருவர் எண் வேறொருவர் பெயருக்குப் போய்விடும். ஒன்றாகக் கப்பலேறிய குடும்பத்தை நாமே பிரித்துவிடுவோம்! மூலக் கோப்பை நகலெடுத்து வைத்துவிட்டே ஆரம்பியுங்கள்.