பாத்திரம் துலக்குதலும் வீடு பெருக்குதலும்

ஆட்டையாம்பட்டியின் பெயரை வெளியூர்களில் விளங்கச் செய்தது கைமுறுக்கு. அரிசி மாவைக் கையினால் சுற்றிக் காய்ந்த எண்ணெயிலிட்டு எடுக்கும் இத்தொழில் பெரும்பாலும் குடும்பத் தொழிலாகவே நடந்துவருவது. இவ்வீடுகளில் இருப்புச் சட்டி, ஜல்லிக் கரண்டி, மாவுத் தட்டு யாவற்றிலும் தினந்தோறும் எண்ணெய் ஏறும். நன்கு கழுவாத சட்டியில் ஒட்டிய பழைய எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்குவாடை கொள்ளும். மறுநாள் ஊற்றும் புது எண்ணெயையும் விரைவில் கெடுக்கும். ஆகையால் துலக்கும் வேலையை அற்பமென்று எண்ணலாகாது. அது தொழிலின் முதலைக் காக்கும் வேலையாகும்.

அழுக்கு பலவிதம், அதற்கேற்ப மருந்தும் பலவிதம். அங்கத்தினர்கள் மனத்திற்கொள்ள வேண்டிய விதி ஒன்றே: எண்ணெய்க்குக் காரம், களிம்புக்குப் புளிப்பு.

1. எண்ணெய்ப் பிசுக்கு. விறகுச் சாம்பலில் பொட்டாஸ் என்னும் காரம் உண்டு. அது எண்ணெயோடு சேர்ந்து சிறிதளவு சவர்க்காரம் போலாகிப் பிசுக்கை நீரில் கரையச் செய்கிறது. சாம்பலைத் துணியில் சலித்துக்கொள்ளல் வேண்டும். இல்லையேல் கற்பொடி எவர்சில்வரைக் கீறும். குப்பை எரித்த சாம்பலும் நிலக்கரிச் சாம்பலும் ஆகா. எரிவாயு அடுப்பு வந்தபின் சாம்பல் கிடைக்காத வீட்டார், வெந்நீரில் சிறிது சலவைச் சோடாவைக் கரைத்து ஊறவைக்கலாம். ஆனால் அலுமினியப் பாத்திரத்திற்கு இவ்விரண்டும் கூடா. காரம் அவ்வுலோகத்தை அரித்துவிடும். இருப்புச் சட்டியைக் கழுவியவுடன் அடுப்பில் வைத்து ஈரம் போக்கி, எண்ணெய் இலேசாகத் தடவிவைத்தால் துருப்பிடியாது.

2. களிம்பும் உப்புக்கறையும். பித்தளை, செம்பு இவற்றின் கறுப்பைப் புளியும் உப்பும் நீக்கும். கிணற்று உப்புத் தண்ணீரால் குடத்தில் படியும் வெள்ளைக் கறையையும் புளிப்பே கரைக்கும். புளியையும் சாம்பலையும் ஒருங்கே தேய்ப்பதில் பயனில்லை. காரமும் புளிப்பும் ஒன்றையொன்று முறித்துவிடும். ஒன்றால் தேய்த்துக் கழுவிய பின்னரே மற்றதைக் கொள்க. ஈயம் பூசிய பாத்திரத்தின் உட்புறத்தைச் செங்கல் தூளால் தேய்க்கலாகாது. பூச்சுப் போன பித்தளையில் புளிக்குழம்போ மோரோ வைத்தால் களிம்பு கலந்து உணவு நஞ்சாகும்.

3. நுரை தருபவை. உப்புத் தண்ணீரில் சவர்க்காரம் நுரையாமல் திரிந்து வீணாகும். பூந்திக்கொட்டையும் சீயக்காயும் அத்தண்ணீரிலும் நுரைக்கும். உசிலை இலையை உலர்த்தி இடித்த அரப்பும் தலை முழுகுவதற்கு மட்டுமன்றி எண்ணெய் பட்ட பாத்திரத்திற்கும் உதவும். பட்டுத் துணிக்குச் சோடா பகை. பூந்திக்கொட்டை நீரே ஏற்றது.

4. கலக்கக் கூடாதவை. இதனை வீட்டிலுள்ளோர் யாவரும் அறிந்திருத்தல் அவசியம். பிளீச்சிங் பவுடருடன் புளி, எலுமிச்சை, கழிப்பறை கழுவும் அமிலம் எதனைச் சேர்த்தாலும் குளோரின் என்னும் நச்சு வாயு கிளம்பும். 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெல்ஜிய நாட்டு ஈப்ர் நகருக்கருகே போர்க்களத்தில் படைவீரர்களைக் கொன்றது இவ்வாயுவே. கதவடைத்த சிறு கழிப்பறையில் இது உயிருக்கே ஆபத்து. தவறிக் கலந்துவிட்டால் உடனே வெளியேறித் திறந்த வெளிக்குச் செல்லவேண்டும். இவற்றைக் குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றிவைப்பதும், குழந்தைகளின் கைக்கெட்டும்படி வைப்பதும் தகாது.

5. நாரும் துடைப்பமும். துலக்கும் கருவி அழுக்காயிருந்தால் துலக்கியும் பயனில்லை. தேங்காய் நாரை வேலை முடிந்ததும் அலசிப் பிழிந்து வெயிலில் காயவைக்க, அடிக்கடி மாற்றுக. ஈர முற்றத்திற்கு ஈர்க்குத் துடைப்பமும், உள் தரைக்குப் புல் துடைப்பமும் தனித்தனியே இருத்தல் நலம். மண் தரையைப் பெருக்குமுன் சிறிது நீர் தெளித்தால் தூசி மேலெழுந்து மாவிலும் பண்டத்திலும் படியாது.

சங்கத்தின் கடமை. 1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் 28 பேர் சேர்ந்து கடை வைத்தபோது விற்றவை மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற அன்றாடச் சாமான்களே. சிறு சாமானை ஒவ்வொருவரும் சில்லறையாய் வாங்கினால் விலையேறும், கலப்படமும் சேரும். உலர்ந்த பூந்திக்கொட்டையும் சலவைச் சோடாவும் ஈரம் படாமல் வைத்தால் நெடுநாள் கெடாதவை. இவற்றைப் பருவத்தில் மொத்தமாய் வாங்கிப் பங்கிட்டுக் கொள்வது எச்சங்கத்திற்கும் எளிது.

அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்க:

(அ) நம் வீடுகளில் மாதந்தோறும் துலக்கும் சாமான்களுக்கு ஆகும் செலவு எவ்வளவு?

(ஆ) அவற்றுள் எவற்றைச் சங்கத்தின் மூலம் வாங்கலாம்?

(இ) பிளீச்சிங் பவுடரும் அமிலமும் ஒரே அலமாரியில் இருக்கும் வீடுகள் எத்தனை? இன்றே அவற்றைப் பிரித்து வைப்பது எவ்விதம்?