செதுக்கும் இயந்திரம் கோடும் வரையும்

சிறுமுகை முதலிய ஊர்களில், ஜக்கார்டு பூட்டிய தறிக்குப் புதிய கரை ஒன்று வருமுன், அது கட்டத்தாளில் வரையப்படுவதை அங்கத்தினர்கள் அறிவார்கள். கட்டத்தாளின் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டை குத்தப்படுகிறது. ஒரு கட்டம் பிசகினால் அட்டை பிசகும், தறி நிற்கும், நெசவாளியின் கூலியும் நிற்கும். ஆகவே, அட்டை குத்துமுன் கரையை முழு அளவில் வரைந்து பார்ப்பது இன்றியமையாதது.

இதற்கென வரைவு இயந்திரம் வாங்கச் சங்க நிதியைச் செலவிட வேண்டியதில்லை. கதவுகளில் பூ வேலை செதுக்கும் சி.என்.சி. இயந்திரம் கோவைப் பட்டறைகளில் உண்டு. ஓய்வு நேரத்தில் அதை வாடகைக்கு அமர்த்தலாம். அது நமக்கு அந்நியமன்று. 1804இல் ஜக்கார்டு அட்டைத் துளைகளால் தறியை நடத்தினார். 1952இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் துளையிட்ட காகித நாடாவால் உலோகம் வெட்டும் இயந்திரத்தை நடத்திக் காட்டினர். இன்றைய சி.என்.சி. அதன் வழி வந்ததே.

இனி, மாற்றும் முறையைக் காண்போம். முதலில் உளி சுழற்றும் மோட்டாரின் மின் இணைப்பை நீக்குக. கட்டளை நிரலிலும் சுழற்றும் கட்டளையை எடுத்துவிடுக. பிறகு பேனாவைக் குழல் ஒன்றில் செருகி, அதன் மேல் மெல்லிய சுருள்வில் வைத்து, மோட்டாரின் பக்கத்தில் பூட்டுக. வில் எதற்கெனில், மேசை எங்கும் ஒரே மட்டமாய் இராது. வில் இல்லையேல் பள்ளத்தில் கோடு விடுபடும். மேட்டில் தாள் கிழியும். முனை தாளைத் தொட்டபின் மேலும் 1 மில்லிமீட்டர் இறங்கட்டும். இடம் மாறுகையில் 3 மில்லிமீட்டர் உயரட்டும். பேனா முனை உளியின் இடத்தில் இல்லாமையால், தொடக்கப் புள்ளியைப் பேனாவைக் கொண்டே குறித்தல் வேண்டும்.

கரையை வரையுமுன் 100 மில்லிமீட்டர்ச் சதுரம் ஒன்று வரைந்து அளந்து பார்க்க. பக்கம் குறைந்தாலோ மிகுந்தாலோ, இயந்திரத்தின் அளவுக் கணக்கைத் திருத்துக. மூலைவிட்டங்கள் இரண்டும் 141 மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்து, தம்முள் சமமாக இருத்தல் வேண்டும். சமமில்லையேல் சட்டம் கோணியுள்ளது; அதை நேராக்காமல் வரைந்தால் பூவும் கோணும்.

வரைந்த தாளை நெசவாளிகள் முன் விரித்து, அவர்கள் ஒப்பிய பின்னரே அட்டை குத்துக. தாளில் கண்ட பிழைக்கு ஒரு தாளே நஷ்டம். தறியில் கண்ட பிழைக்கு ஒரு குடும்பத்தின் வாரக் கூலி நஷ்டம்.