ஒரு நாள் மட்டும் வாழும் சொல்

மேல்நிலை வகுப்பு விடைத்தாள்களில் ‘இஃபெமரல்’ என்ற ஆங்கிலச் சொல் பொருந்தாத இடத்தில் நிற்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அகராதியில் ‘குறுகிய காலமே நீடிக்கும்’ என்று பொருள் பார்த்த மாணவர், அண்ணனுக்கு ‘இஃபெமரல்’ வேலை கிடைத்ததாக எழுதிவிடுகிறார். இலக்கணம் சரி, சொல்தான் சரியில்லை. இன்ன காலம் வரை என்று நாம் வரையறுத்து வைக்கும் பணியிடமும் பாலமும் ‘டெம்பரரி’. பனித்துளி, வானவில், திடீர்ப் புகழ் போலத் தன் இயல்பிலேயே நிலைக்காதது ‘இஃபெமரல்’.

இந்த வேறுபாடு சொல்லின் வேரிலேயே இருக்கிறது. கிரேக்கத்தில் ‘ஹேமெரா’ என்றால் நாள். ஒரே நாளில் தணியும் காய்ச்சலுக்கு மருத்துவர்கள் முன்பு இச்சொல்லை வழங்கினர். ‘மேஃப்ளை’ பூச்சிகளின் வரிசைக்கு அறிவியல் பெயர் ‘எஃபெமெராப்டெரா’. இளம்பருவத்தில் மாதக்கணக்கில் நீருக்குள் வாழும் இப்பூச்சி, வளர்ந்து சிறகு பெற்றபின் எதையும் உண்ணாமல் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ மடிந்துவிடும். (நம் ஊர் ஈசல் வேறு, அது கறையான் இனம்.) மழை பெய்தால் மட்டும் நீர் ஓடும் ஓடைக்கும் புவியியலில் இதே அடைமொழிதான். அறிவியல், புவியியல் ஆசிரியர்கள் ஒருமுறை சொன்னால் போதும், ஆங்கில ஆசிரியரின் பாதி வேலை முடிந்துவிடும்.

ஜன்னல், மேசை, அலமாரி, சாவி ஆகியவற்றை நமக்குத் தந்த போர்த்துகீசிய மொழி இங்கும் உதவுகிறது. அதே கிரேக்க வேரிலிருந்து வந்த ‘எஃபெமெரு’ அங்கே உண்டு. போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் அதன் இரண்டாம் உயிரொலி மாறுவதால், அவ்வெழுத்தின் மேலிடும் குறியும் மாறுகிறது. ஆனால், வந்து போகும் மழைக்கு அவர்கள் இயல்பாகச் சொல்வது ‘பஸஜெய்ரு’ என்ற சொல்லின் பெண்பால் வடிவம். அச்சொல்லுக்குப் பயணி என்றும் பொருள்! சட்டத்தில் ‘ட்ரான்ஸிடோரியு’ வரும். பிரேசிலின் 1988 அரசியலமைப்பில் இடைக்கால விதிகளுக்கு அதுவே பெயர். கண நேரத்தில் நழுவும் பார்வைக்கு ‘ஃபுகாஸ்’. தப்பியோடுதல் என்ற லத்தீன் வேர் அதற்கு.

தமிழிலும் தற்காலிகம், நிலையாமை, கணப்பொழுது என்று தனித்தனியே உண்டு. திருக்குறளின் 34ஆம் அதிகாரத் தலைப்பாக ‘நிலையாமை’யை மாணவர் அறிவர். எனவே ஒற்றைப் பொருளை எழுதிப் போடாமல், ‘இந்த வாக்கியத்தில் மூன்றில் எது பொருந்தும்?’ என்று கேட்கலாம். வாசல் கோலம், வாடகை வீடு, தேர்தல் சுவரொட்டி, கொட்டாவி என்று பட்டியல் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் கோலத்துக்கு உடனே ‘இஃபெமரல்’ என்றார்கள். சுவரொட்டியில்தான் இரு கட்சியாகப் பிரிந்து, மணி அடித்த பிறகும் வாதிட்டார்கள்.