பாய்ண்டர் மட்டும் போதுமா?

ஆயர் தாவார் பக்கம் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிச்சவங்க என்னைப் பார்த்தால் கேட்பது, "அண்ணே, இன்ஜினியரிங் முடிக்க பாய்ண்டர் எவ்வளவு வேணும்?" பாய்ண்டர் வேணும்தான். ஆனால் மின், கணினிப் பொறியியலில் பட்டத்தைத் தள்ளிப்போடுவது பெரும்பாலும் வேறு விஷயங்கள்.

மலேசியாவில் இந்தப் படிப்புகளை அங்கீகரிப்பது பொறியியல் அங்கீகார மன்றம் (இ.ஏ.சி.). அதன் 2020 தர விதிப்படி குறைந்தது 135 கிரெடிட். அதில் 90 பொறியியல் பாடங்கள். ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேர உழைப்பு. 3 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. வகுப்புக்கு மட்டும் போய் வந்தால் பாதிகூடத் தேறாது; மீதி நம்ம மேசையில்தான்.

இறுதியாண்டு ஆய்வுத் திட்டம் குறைந்தது 6 கிரெடிட். தொழிற்பயிற்சி குறைந்தது 8 வாரம். நமக்கு மஞ்சோங் மின் நிலையம் பக்கத்திலேயே இருக்கு, முன்கூட்டியே எழுதிப் போடுங்க. எம்.பி.யு. பொதுப் பாடங்களைச் சிலர் 'சும்மா பாடம்'னு ஒதுக்குவாங்க. அதில் ஒன்று பாக்கி இருந்தாலும் பட்டம் கிடையாது.

பெரிய தலைவலி சங்கிலிப் பாடங்கள். சர்க்கியூட் முதல் பாகம் தேறாமல் இரண்டாம் பாகம் எடுக்க விடமாட்டாங்க. பல இடங்களில் அந்தப் பாடம் வருஷத்துக்கு ஒரு தடவைதான். ஒன்றில் விழுந்தால் ஓராண்டு போகலாம். அந்தக் கட்டணமும் அறை வாடகையும் அப்பா, அம்மா தலையில்.

விண்ணப்பிக்கும் முன் இ.ஏ.சி. பட்டியலைப் பாருங்க. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது. நீங்க எடுக்கப்போகும் படிப்பின் பெயர் இருக்கணும். மலேசியா 2009இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது, அதனால் அந்தப் பட்டியலில் உள்ள பட்டத்துக்கு ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளிலும் மதிப்பு உண்டு.