சல்லடையை முதலில் கொடுங்க

ஒரு பழைய வீட்டுக்கான அகழாய்வில் பள்ளிக் குழந்தைகளைச் சேர்க்கணும்னா, முதல்ல அவங்க கையில எதைக் கொடுப்பீங்க? மண்வெட்டின்னு சொன்னீங்கன்னா, கொஞ்சம் பொறுங்க.

அமெரிக்காவில், வர்ஜீனியாவில் ஃபெர்ரி ஃபார்ம் என்ற பண்ணை இருக்கு. 1738-ல், ஜார்ஜ் வாஷிங்டனுக்கு 6 வயசு இருக்கும்போது அவர் குடும்பம் குடியேறிய இடம். அந்த வீடு எங்கே இருந்ததுன்னு டேவிட் முராக்கா, பிலிப் லெவி குழு பல வருஷம் தேடியது. முதலில் கிடைத்த ஒரு வீடு 17-ம் நூற்றாண்டு, இன்னொன்று 19-ம் நூற்றாண்டு. மூணாவதுதான் சரியான வீடு; 2008-ல் அறிவிச்சாங்க. 1740-ல் நடந்த தீ விபத்துல வீடே அழிஞ்சதுன்னு ஒரு நம்பிக்கை இருந்தது. மண்ணில் தெரிந்ததோ சின்னத் தீதான்.

இதெல்லாம் எப்படித் தெரிஞ்சது? எந்தப் பொருள், எந்த அடுக்கில், எதோட சேர்ந்து கிடைச்சதுங்கறதை வெச்சுத்தான். தோண்டிட்டா அந்த அடுக்கு போயிடும், அங்கே ரெண்டாவது சான்ஸ் கிடையாது. இடம் குறிக்காத பானை ஓடு, டைம்ஸ்டாம்ப் இல்லாத சென்சார் ரீடிங் மாதிரி.

அதனால குழந்தைகளுக்கு இந்த மூணு வேலை:

1. தோண்டிய மண்ணைச் சல்லடையில் சலிப்பது.
2. ஓடுகளைப் பழைய டூத்பிரஷ்ஷால் கழுவுவது.
3. பை மேல் கட்ட எண், அடுக்கு எண், தேதி எழுதுவது.

மூணாவதுதான் ரொம்ப முக்கியம். அந்தப் பண்ணையில் அடிமைகளாக வைக்கப்பட்ட மனிதர்களும் வாழ்ந்தாங்க. அவங்க கைப்பட எழுதி வெச்சது எதுவும் நம்மகிட்ட இல்லை. அவங்க சமைச்சது, உடுத்தினது பற்றி மண்ணுதான் சாட்சி. ஒரு சின்ன மணியை யாராவது பாக்கெட்டுல போட்டுக்கிட்டா, அந்தச் சாட்சியில ஒரு வரி அழிஞ்சுபோகும். குழந்தைகளுக்கு இதை மறைக்காம சொல்லுங்க, புரிஞ்சுக்குவாங்க.

பள்ளிக்கு வாலண்டியரா போறீங்களா? வகுப்புக் குப்பைத்தொட்டியை ஒரு வாரம் காலி பண்ணாம வைங்க. மேலிருந்து ஒவ்வொரு அடுக்கா எடுத்து, எது எந்த நாளோடதுன்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க. அப்புறம் எல்லாத்தையும் கலந்துட்டு, அதே கேள்வியை மறுபடி கேளுங்க.