அணியும் அறமும்

நுழையும்முன்

தொலைவில் ஆடும் ஓர் அணிக்காக மனம் ஏன் பதறுகிறது? அந்த ஆட்டத்துக்கு அரங்கம் எழுப்பியவரை அதே மனம் நினைக்கிறதா? காரைக்காலின் இருவேறு உறவுகளின் வழியே இவ்வினாக்களை அணுகுகிறது இப்பாடம்.

அரசலாறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்தது காரைக்கால். 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான இவ்வூர், 1954 நவம்பர் முதல் நாள் இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. 1962இல் ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, விரும்புவோர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடரவும் வாய்ப்பளிக்கப்பட்டது. அவ்வழி வந்த குடும்பங்கள் இன்றும் உள்ளன. பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்கு இங்கும் வாக்குச்சாவடி அமைக்கப்படுகிறது. அண்ணன் காரைக்காலிலும் தம்பி பாரிசிலுமாக வாழும் குடும்பம், உலகக்கோப்பை நாள்களில் நீலச்சட்டை அணியினருக்காக நள்ளிரவிலும் விழித்திருப்பதில் வியப்பில்லை. அவர்களுக்கு அஃது அயல்நாட்டு அணியன்று. உறவினர் ஊரின் அணி.

கால்பந்துப் பற்று பெரும்பாலும் இவ்வாறே பிறக்கிறது. ஆட்டத்திறனைச் சீர்தூக்கி அணியைத் தேர்ந்தெடுப்போர் சிலரே. கொல்கத்தாவில் மோகன் பகான் அணி 1911இல் ஆங்கிலேயப் படையணியொன்றை 2-1 என வென்றது. அவ்வணியில் ஒருவரைத் தவிர அனைவரும் வெறுங்காலுடன் ஆடினர். அடிமைப்பட்ட மக்களுக்கு அது வெறும் கேடயமாகத் தோன்றவில்லை. 1920இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் அணியோ, பிரிவினைக்குப்பின் அகதிகளாக வந்தோருக்கு இழந்த மண்ணின் பெயரைத் தாங்கி நின்றது. அவ்வணி வென்றால் வீடுகளில் இலிசா மீன் மணக்கும். மோகன் பகான் வென்றால் இறால். அடுப்படிவரை சென்ற பற்று அது. அதுவே 1980 ஆகஸ்ட் 16இல் ஈடன் தோட்ட அரங்கில் கலவரமாக வெடித்து, 16 ரசிகர்களின் உயிரைக் குடித்தது.

காரைக்காலுக்கு மற்றோர் உறவும் உண்டு. இக்கடற்கரையிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றோர் பலர். 2022 உலகக்கோப்பைக்காகக் கத்தார் 7 புதிய அரங்குகளைக் கட்டியது. கட்டியவர்களில் பெரும்பாலோர் இந்தியா, நேபாளம், வங்கதேசம் முதலிய நாடுகளின் தொழிலாளர். முதலாளியின் ஒப்புதலின்றி வேலை மாறவியலாத ‘கஃபாலா’ முறை அவர்களைப் பிணைத்திருந்தது. முகவருக்குக் கட்டிய பணம் கடனாக நிற்க, ஊதியம் மாதக்கணக்கில் தாமதமானால் அவர்கள் யாரிடம் முறையிடுவர்? போட்டி தொடர்பான பணிகளில் இறந்தோர் 400 முதல் 500 வரை இருக்கலாம் என அமைப்புக்குழுவின் பொதுச்செயலரே 2022 நவம்பரில் கூறினார். மனித உரிமை அமைப்புகள் அதற்கு முன்பே முழுமையான விசாரணையைக் கோரிவந்தன.

இதனால் பாரிசு, மார்சேய், லீல் முதலிய பிரெஞ்சு நகரங்கள் பொது இடங்களில் பெருந்திரை அமைக்க மறுத்தன. ஆயினும், அர்ஜென்டினாவிடம் பிரான்சு பெனால்டியில் தோற்ற இறுதியாட்டத்தைப் பிரான்சில் 2 கோடியே 40 லட்சம் பேர் தொலைக்காட்சியில் கண்டனர். இதனைப் போலித்தனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் சரியன்று. ஆட்டத்தைக் காணாதிருப்பதால் மட்டும் ஒரு தொழிலாளிக்கும் நிலுவை ஊதியம் கிடைத்துவிடாது. வளைகுடாப் பணத்தில் உலை ஏற்றும் குடும்பம், அங்கே வேலையே வேண்டா எனச் சொல்லவும் இயலாது. வேலை மாறும் உரிமையும் மாதம் 1000 ரியால் குறைந்தபட்ச ஊதியமும் 2020இல் சட்டமாயின. தொழிற்சங்கங்களும் இதழாளர்களும் பல்லாண்டுகள் ஓயாமல் கேட்டதன் பயன் அது. நடைமுறையில் அச்சட்டங்கள் முழுமை பெறவில்லை என்ற குறை தொடர்ந்தது. தான் நேசிக்கும் ஆட்டத்தைப் பற்றிக் கேட்பதால் ரசிகர் தம் அணிக்கு இரண்டகம் செய்தவராகார்.

ரசிகர் கூட்டமே கேட்டால் என்னவாகும் என்பதைக் கொல்கத்தா 2024 ஆகஸ்டில் கண்டது. அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த பெண் மருத்துவர் கொல்லப்பட்டதால் நகரம் கொந்தளித்திருந்தது. 18ஆம் நாள் நடைபெறவிருந்த மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் பாதுகாப்பைக் காரணங்காட்டிக் கைவிடப்பட்டது. ஆட்டமில்லாத அரங்கின் வெளியே இரு அணி ரசிகர்களும் நீதி கேட்டுத் திரண்டனர். முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் சேர்ந்துகொண்டனர். காவல்துறை தடியடி நடத்தியது. நூறாண்டாக எதிரெதிர் நின்ற சட்டைகள் அன்று ஒரே முழக்கத்தை எழுப்பின.